உவர்க்கரைக்கு ஒரு நெல்

பாசிக்குடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடலோடு நின்றுவிடுகிறார்கள். அலையடங்கிய குடா, வெகுதூரம் நடந்து போகக்கூடிய ஆழமற்ற நீர், இப்போது அதன் ஓரமெல்லாம் எழுந்துள்ள உல்லாச விடுதிகள். மணலைத் தாண்டி மேற்கே திரும்பினால் வாழைச்சேனை வாவி இருக்கிறது. அதற்கும் அப்பால் வாகனேரிக் குளத்து நீரில் விளையும் வயல்கள். தெற்கே, பங்குடாவெளி முதல் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நெற்பயிரையே 'வேளாண்மை' என்று சொல்லுமளவுக்கு நெல்லோடு கலந்துபோன பிரதேசம் இது. ஆனால் அந்த வேளாண்மையின் ஒரு விளிம்பு எப்போதும் உப்போடு போராடிக்கொண்டே இருந்திருக்கிறது. வாவிக்கு முகம்கொடுத்த வயல்களில் மாரி மழை இருக்கும்வரை நெல் நிற்கும். மழை பிந்தினால், அல்லது சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் கடைசி வயல்வரை வந்து சேராவிட்டால், வரம்போரம் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும், கதிர் வந்தாலும் பாதி பதராகப் போகும். இந்த விளிம்புக்கான விதை எங்கிருந்து வர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. உப்புக்கு நின்று விளையும் இனத்தை உப்பிலேயே வைத்துத்தான் தெரிவு செய்ய முடியும் என்பதும், இலங்கையின் நெல் வரலாறே அதற்குச் சாட்சி என்பதும் என் வாதம்.

அந்த வரலாறு ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கவில்லை. உவர் வயலில் விதைத்தவன் அறுவடையில் எதை மறுபோகத்து விதைக்கு வைப்பான்? தப்பிப் பிழைத்த செடியின் நெல்லைத்தான். மற்றது ஏற்கெனவே செத்துப்போயிருக்கும். இப்படிப் பல தலைமுறை நடந்தால், யாரும் திட்டமிடாமலே அந்த மண்ணுக்கு ஏற்ற ஓர் இனம் திரண்டுவிடும். 1912இல் உருவான விவசாயத் திணைக்களம் நெல்லில் கைவைத்தபோது அது முதலில் செய்த வேலை, விவசாயிகளிடம் கலப்பாகக் கிடந்த இந்த இனங்களிலிருந்து நல்ல கதிர்களைப் பிரித்தெடுத்துத் தனிவழியாகப் பெருக்கியதுதான். அப்படிப் பிரித்தெடுத்தவற்றின் பெயர்களைப் பாருங்கள்: பச்சைப்பெருமாள் 2462/11, முருங்கக்காயன் 302, வெள்ளை இளங்கலையன் 28061. எண்கள் திணைக்களம் இட்டவை; பெயர்கள் வயலிலிருந்து வந்தவை. 1950களின் இறுதியில் வெளிவந்து இலங்கை நெற்செய்கையையே மாற்றிய எச்-4 என்ற இனம், இந்த முருங்கக்காயன் 302ஐ இந்தோனேசியாவின் மாஸ் என்ற இனத்தோடு கலந்து பிறந்தது. புதிய நெல்லின் அடித்தளத்தில் பெயர் தெரியாத விவசாயிகளின் தெரிவு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டத் தேவையில்லை.

உப்புக்கென்று தனியாகத் தேடியபோது கண்ணில் பட்டது பொக்காளி. கேரளத்தின் கொச்சிக்குச் சுற்றிலும், கடல்நீர் ஏறி இறங்கும் தாழ்நிலங்களில், மழைக்காலத்தில் நெல்லும் மழை ஓய்ந்தபின் இறாலுமாக மாறி மாறிச் செய்கிறார்கள். அந்த வயலின் நெல் பொக்காளி. அதன் உடற்கூறு வியப்பானது. உப்பின் சோடியம் வேரில் நுழைந்தாலும், அது தண்டு வழியே மேலேறும்போதே செடி அதன் பெரும்பகுதியைத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. மிஞ்சி ஏறியதைப் பழுத்துக்கொண்டிருக்கும் கீழ் இலைகளில் தேக்கிவைத்து, இளங்குருத்தையும் கதிரையும் காப்பாற்றுகிறது. இந்தக் குணத்தை எந்த விஞ்ஞானியும் அதற்குள் வைக்கவில்லை. கொச்சியின் உப்புநீரும் அங்குள்ள விவசாயிகளின் கையும் சேர்ந்து வைத்தன. இலங்கையில் உவர்நிலத்துக்கென்று விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்த முதல் நெல்லும் பொக்காளியே. இங்கே அது எப்படி விளைந்தது என்பதை எல்.எச். பெர்னாண்டோ 1949இல் 'ட்ரொபிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்' சஞ்சிகையில் எழுதினார். இன்றுங்கூட உலகத்தின் எந்த ஆய்வுகூடத்தில் நெல்லின் உப்புத்தாங்கும் திறனைச் சோதித்தாலும், அளவுகோலாக அருகில் நடப்படுவது பெரும்பாலும் பொக்காளி, அல்லது அதற்குப் பிறந்த ஒரு வழி.

பின் ஏன் வாவிக்கரை முழுவதும் பொக்காளி பரவவில்லை? காரணம் எளிது. அது உயரமாக வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்துவிடும். பசளை போட்டாலும் விளைச்சல் அதற்கேற்ப ஏறாது. 1970இல் பி.ஜி. 11-11 போன்ற குட்டை நெல்லினங்கள் வந்தபோது நாட்டின் கவனம் முழுவதும் பசளைக்கு விளையும் நெல்லின் மேல் போனது. இது தவறென்று சொல்ல மாட்டேன். அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு, நல்ல நிலத்தில் விளைச்சலைக் கூட்ட முனைந்தது நியாயமே. ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு விலை இருந்தது. திணைக்களத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ள பத்தலகொடவின் நன்னீர் வயலில், உப்புக்கு அஞ்சும் செடியும் அஞ்சாத செடியும் ஒரே மாதிரித்தான் பச்சையாக நிற்கும். அங்கே தெரிவு செய்கிறவரின் கண்ணுக்கு அந்த வித்தியாசம் படவே படாது.

இது எவ்வளவு முக்கியம் என்பது கலப்பு வேலையை அருகில் பார்த்தால் விளங்கும். நெற்பூ காலையில் திறந்து ஒரு மணி நேரமளவில் மூடிவிடும். தாயாகும் கதிரில், பூ திறப்பதற்கு முன்பே உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் 6 மகரந்தப் பைகளையும் நுண்ணிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். ஒன்று தவறினால் செடி தன்னாலேயே சூல்கொண்டுவிடும். பிறகு தந்தையாகும் கதிரை அதன்மேல் மெல்லத் தட்டி மகரந்தத்தை உதிர்த்து, கடதாசி உறை போட்டுக் கட்ட வேண்டும். இந்தக் கைவேலை சில நாட்களில் முடிந்துவிடும். உண்மையான வேலை அதற்குப் பின்னால்தான். இரண்டாம் தலைமுறையில் நெட்டையும் குட்டையும், சிவப்பும் வெள்ளையும், உப்புத் தாங்குவதும் தாங்காததும் ஒரே பாத்தியில் கலந்து நிற்கும். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக எடுத்தும் கழித்தும் ஓர் இனம் நிலைபெற எட்டுப் பத்து ஆண்டுகள் போகும். அந்த ஆண்டுகளில் செடிகள் எந்த வயலில் நிற்கின்றனவோ, அந்த வயல்தான் எது தங்கும், எது போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. 1990களில் பொக்காளியின் மரபோடு, விளைச்சலும் தரக்கூடிய மூன்றரை மாத நெல்லாக ஏ.டி. 354 வந்தது. அது வந்த இடம் பத்தலகொட அல்ல. ஹம்பாந்தோட்டைக் கரையில், உப்பளங்கள் உள்ள மாவட்டத்தில் இருக்கும் அம்பலாந்தோட்டை. கேரளத்திலும் பொக்காளியைச் சீர்செய்த வேலை கொச்சியின் வைற்றிலா நிலையத்தில் நடந்தது. இவற்றைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

நெல்லோடு எந்த உறவும் இல்லாத ஒரு பயிரின் கதையும் இதையே சொல்கிறது. இலங்கையில் ஸ்ட்ரோபெரி என்றால் நுவரெலியாவின் குளிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்று உலகம் உண்ணும் பெரிய ஸ்ட்ரோபெரியின் பெற்றோரில் ஒன்று கடற்கரைச் செடி. பசுபிக் கரையின் மணல்மேட்டில் படர்வது. சிலி நாட்டின் பழங்குடி மக்கள் அதை நெடுங்காலம் பயிரிட்டுப் பெரிய பழமாக்கி வைத்திருந்தார்கள். 1714இல் பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர் பிரேசியே, கொன்செப்சியோனிலிருந்து அந்தச் செடிகளைக் கப்பலில் கொண்டுபோனார். ஐரோப்பாவில் அது வட அமெரிக்க வேர்ஜீனியச் செடியோடு கலந்து இன்றைய பழம் பிறந்தது. இரண்டின் கலப்பே அது என்பதை 1766இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் டுஷேன் விளக்கினார். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகள் அளவுக்கும் இனிப்புக்கும் சிவப்புக்குமாகவே தெரிவு நடந்தது. விளைவு, கடற்கரையில் பிறந்த அந்த வம்சம் இன்று பயிர்களிலேயே உப்புக்கு மிகவும் அஞ்சுவதாகிவிட்டது. மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கும் கணக்கில், நெல்லின் விளைச்சல் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் அளவைத் தாண்டும்போது குறையத் தொடங்குகிறது. ஸ்ட்ரோபெரிக்கு எல்லை 1. கலிபோர்னியாவின் கரையோரத் தோட்டங்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்த பிறகு, பழைய கடற்கரைச் செடியின் குணம் திரும்பவும் தேடப்படுகிறது. கேட்காத குணம் தங்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. உவர் என்பது விதையின் பிரச்சினை அல்ல, நீரின் பிரச்சினை என்பார்கள். முகத்துவாரத்தை உரிய நேரத்தில் வெட்டி, வடிகாலைச் சீராக்கி, உன்னிச்சை, நவகிரி, வாகனேரிக் குளங்களின் நீரைக் கடைசி வயல்வரை கொண்டுபோனால் உப்பு தானாகப் போய்விடும் என்பது அவர்கள் வாதம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது கல்குடா, பாசிக்குடாவிலிருந்து தெற்கே நெடுகிலும் பெரும்போக வேளாண்மை வயலில் நின்றது. கரையோரத்தில் அகப்பட்ட பயிர் அழிந்தது. ஆயினும் அடுத்தடுத்த பருவமழையே பல இடங்களில் உப்பைக் கழுவிவிட்டது என்பதையும் சான்றாகக் காட்டுவார்கள். அது உண்மைதான். நல்ல வடிகாலும் நன்னீரும் இருந்தால் எந்த விதையும் விளையும். ஆனால் ஆழிப்பேரலை ஒருநாள் வந்து போன உப்பு. நான் சொல்வது ஒவ்வொரு கோடையிலும் வாவி வற்றி அடர்ந்து அடிமண்ணில் ஊறும் உப்பை. அதைக் கழுவ வேண்டிய மழை பிந்தும் ஆண்டுகளில்தான் பயிர் போகிறது. அந்த ஆண்டில் குளத்திலும் நீர் இருக்காது. முகத்துவாரம் வெட்டுவதும் விவசாயி மட்டும் தீர்மானிக்கும் காரியம் அல்ல. வெள்ளம் வயலை மூடும்போது வெட்டச் சொல்லும் உழவருக்கும், வாவியின் மீனையும் இறாலையும் நம்பியிருக்கும் மீனவருக்கும் அதில் வேறுவேறு நியாயங்கள் உண்டு. நீரைச் சீர்செய்யும் வேலை நடக்கட்டும். அது தவறும் ஆண்டில் முழுநட்டம் வராமல் காப்பது விதையின் வேலை.

இன்னொரு மறுப்பு ஆய்வுகூடத்திலிருந்து வருகிறது. பொக்காளியின் முதலாம் நிறமூர்த்தத்தில் உப்பைத் தாங்கும் பகுதியை அடையாளம் கண்டாகிவிட்டது. மரபணு அடையாளங்களைக் கொண்டு அதை எந்த நெல்லிலும் எங்கிருந்தும் ஏற்றலாம், இனி வயலில் நின்று தெரிவு செய்ய வேண்டியதில்லை என்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அது ஆண்டுகளை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் அந்தப் பகுதி முக்கியமாக நாற்றுப் பருவத்தைக் காக்கிறது. நெல் உப்புக்கு அஞ்சும் பருவங்கள் இரண்டு: ஒன்று நாற்று, மற்றது பூக்கும் காலம். கதிர் பதராவது இரண்டாவதில். அதைக் காக்கும் குணம் ஒரேயொரு மரபணுவில் இல்லை. பலவற்றில் சிதறிக் கிடக்கிறது. அடையாளம் தெரிந்ததை ஆய்வுகூடம் ஏற்றலாம். தெரியாததை உவர் வயல் ஒன்றுதான் வடிகட்டும்.

அப்படியானால் ஏ.டி. 354ஐயே இங்கு கொண்டுவந்து விதைத்தால் போதாதா? சில இடங்களுக்குப் போதும். ஆனால் அம்பலாந்தோட்டையின் உப்பும் வாவிக்கரையின் உப்பும் ஒன்றல்ல. நமக்கு வடகீழ்ப் பருவமழையில் முதலில் வெள்ளம் வருகிறது. பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். பிறகு மழை ஓய்ந்து கதிர் வரும் காலத்தில், அல்லது சிறுபோகத்தில், உப்பு ஏறுகிறது. முதலில் மூழ்கித் தப்பி, பின்னர் உவரைத் தாங்கும் நெல் நமக்கு வேண்டும். பரவலாக விதைக்கப்படும் நெல்லினங்களின் முன்னெழுத்துகளைப் பாருங்கள்: பத்தலகொட, அம்பலாந்தோட்டை, பொம்புவெல, லபுதூவ. எல்லாம் மேற்கும் தெற்கும். கிழக்கில் இந்த வேலை வேர்பிடிக்காமல் போனதற்குப் போர் ஒரு பெருங்காரணம். ஒரே வயலை எட்டுப் பத்து ஆண்டுகள் தவறாமல் பார்க்க வேண்டிய வேலையை, 1983க்கும் 2009க்கும் இடையில் படுவான்கரையில் யார் செய்திருக்க முடியும்? அந்த இழப்பைக் கணக்கெடுத்துச் சொல்பவர் குறைவு; ஆனால் அது ஒரு முழுத் தலைமுறை விதையின் இழப்பு.

உவர் வயல்களின் பரப்பு சிறிது, அதற்காக இத்தனை ஆண்டுச் செலவு எதற்கு என்றும் கேட்கப்படும். சிறிதென்பது நாட்டுக் கணக்கில். வாவியோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது முழு வாழ்வு. கடல்மட்டம் உயர உயர அந்தப் பரப்பும் விரியத்தான் போகிறது. புதிய இனம் உருவாகப் பத்து ஆண்டுகள் வேண்டுமென்றால், தேவை முற்றும்வரை காத்திருந்து தொடங்க முடியாது.

இதற்கு வேண்டியவை பெரிய கட்டடங்களும் அல்ல. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனம் இருக்கிறது. அதற்கு விவசாய பீடம் உண்டு. கரடியனாற்றில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. இவர்கள் தம் சொந்த நன்னீர் வயலில் அல்லாமல், வாவிக்கு முகம்கொடுத்த உவர் வயலொன்றைக் குத்தகைக்கு எடுத்து, கலப்பின் இரண்டாம் தலைமுறையிலிருந்தே அங்கே நட்டு, அந்த வயலின் சொந்தக்காரரையும் கதிர் தெரிவில் கூட்டிக்கொண்டு தொடங்கலாம். அதுவரை, பச்சைப்பெருமாளோ சீனட்டியோ இளங்கலையனோ எவரிடமாவது வீட்டு உபயோகத்துக்கென்று ஒரு மரக்கால் மிஞ்சியிருந்தால், அதைக் குற்றித் தீர்த்துவிடாமல் ஒரு பாத்தியிலாவது ஆண்டுதோறும் விதைத்து வையுங்கள். நாளைய கலப்புக்கு அந்த விதை வேண்டும்.