கவலையிலிருந்து மின்பம்பு வரை: கொங்குப் பகுதிக் கிணற்றுப் பாசனமும் சூழல்திறன் மதிப்பீடும்

ஒரு தொழில்நுட்பம் தரும் பயனை, அதனால் இயற்கைக்கு நேரும் பாதிப்போடு ஒப்பிட்டு அளப்பதே சூழல்திறன் மதிப்பீடு. 2012-இல் வெளியான ஐஎஸ்ஓ 14045 இதற்கு நெறிமுறை வகுத்தது. பயனை எந்த அலகால் அளப்பது என்பதில்தான் சிக்கல் உள்ளது. நீரிறைக்கும் கருவிகளின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சின் பொருத்திய பம்புகளை ஊக்குவித்தார். குறித்த அளவு நீரைக் குறித்த உயரத்திற்கு ஏற்ற ஆகும் செலவு என்ன என்பதே இத்தகைய ஒப்பீடுகளின் அடிப்படை வினா. அவ்வினாவிற்குள் நின்றால் பம்பே வெல்லும். நிலத்தடி நீர் பல்லாண்டு இருப்பாக அக்கணக்கில் ஏறுவதில்லை.

கொங்குப் பகுதியின் கவலையில், எருதுகள் வாரியில் இறங்கி வடத்தை இழுக்கச் சால் மேலேறும். அவை பின்னடையச் சால் மீண்டும் நீருக்குள் இறங்கும். மாடுகள் களைத்தால் இறைப்பு நிற்கும். அவ்விடைவெளியில் கிணறு ஊறும். ‘இறைத்த கிணறு ஊறும்’ என்னும் பழமொழி, ஊற்றுக்கு அவகாசம் கிடைத்த காலத்தின் வழக்கு. ஆயினும் இதனை முன்னோரின் சூழலறிவு எனப் போற்றுவது மிகை. கருவியின் இயலாமையே வரம்பாக அமைந்தது. தீவனத்திற்கு நிலம் தேவைப்பட்டது. ஆள் உழைப்பும் கடுமையானது.

1930களில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் மின்பம்புகள் பெருகின. 1990 முதல் தமிழக உழவர் அனைவர்க்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. கூடுதலாக இறைக்கும் நீருக்கு மின்செலவு என்னும் தடை நீங்கியது. கிணறுகள் ஆழப்பட்டன, ஆழ்துளைக் கிணறுகள் அவற்றைத் தொடர்ந்தன.

1000 லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்தக் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 0.027 யூனிட் ஆற்றல் போதும். 100 மீட்டருக்கு 0.27 யூனிட் வேண்டும். பம்பின் இயந்திரத்திறன் சிறிதும் குறையாதபோதும், ஒவ்வொரு லிட்டருக்கும் செலவாகும் ஆற்றல் பத்து மடங்காகிறது. கருவியின் திறனும் பாசன அமைப்பின் திறனும் பிரியும் இடம் இதுவே.

ஆகவே, இறைத்த லிட்டரை விடுத்து, ஓராண்டில் ஊறும் நீரின் எல்லைக்குள் பெறும் விளைச்சலை அலகாகக் கொள்வதே பொருத்தமானது. சொட்டுநீர்ப் பாசனத்திற்கும் இவ்வலகு பொருந்தும். மிச்சமான நீரைக் கொண்டு சாகுபடிப் பரப்பு விரிவாக்கப்படுமாயின், வயலில் கண்ட சேமிப்பு நிலத்தடி இருப்பில் சேர்வதில்லை.