எந்திரத்திடம் போகாத கிணறு

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பத்திரிகையாளர்கள் எல்லோரும் ஒரே பயத்தைப் பேசுவதில்லை. 2014-இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் கம்பெனிகளின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை எந்திரத்தால் எழுதத் தொடங்கியபோது எழுந்த கேள்வி, 'வேலை போயிடுமா?' என்பது. 2018-இல் சீனாவின் சின்ஹுவாவும் 2024-இல் நம் தூர்தர்ஷன் கிசானும் எந்திர வாசிப்பாளர்களை உட்கார வைத்தன. அரசு ஊடகத்துக்கு என்ன கவலை, சொன்னதைச் சொல்ல ஆள் கிடைத்தால் சரி. மூன்றாம் உலகப் பத்திரிகையாளர்கள் 200-க்கும் மேற்பட்டோரிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக்கு எட்டுப் பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள். தம் நிறுவனத்தில் இதற்கு விதிமுறை உண்டு என்றவர்கள் 13 சதவீதம்.

இதே விவாதத்தை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பகுதியில் வைத்துப் பார்த்தால் கேள்வி வேறாகிவிடுகிறது. எந்திரம் வருவாய்ச் செய்தி எழுத முடிந்தது, கம்பெனிகள் எண்களை ஒழுங்காக வெளியிட்டதால். இங்கே ஏற்றுமதிக் கணக்கு ஒழுங்காக வருகிறது. ஊர்க் கிணறு காலாண்டு அறிக்கை வெளியிடுவதில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனது என்ற கணக்கு அதில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அது. யாரோ வயலில் இறங்கியதால் கிடைத்த எண். 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். போலீஸ் குறிப்பைக் கொடுத்தால் எந்திரம் அரை நிமிஷத்தில் இதை எழுதிவிடும். ஏன் அந்தத் தொட்டியோரம் படுக்க நேர்ந்தது என்பது குறிப்பில் இருக்காது. கேட்க ஆள் போகணும்.

எந்திரத்தை மட்டும் குத்தம் சொல்றதும் நியாயமில்லை. செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பகுதிநேர நிருபர், விளம்பரமும் பிடித்துத் தரவேண்டியவர். தொழிற்சாலைக்காரர் தரும் பத்திரிகைக் குறிப்பை அவர் வரி மாற்றாமல் அனுப்புவது இன்று நேற்றுப் பழக்கமல்ல. இவரை எந்திரமாக்கிய வரலாறு கணினிக்கும் முந்தியது. அந்தக் குறிப்பை இனி மென்பொருள் எழுதிக்கொள்ளட்டும், நிருபருக்கு அரை நாள் மிச்சம். அந்த அரை நாளில் கிணற்றுக்குப் போய்வர ஆசிரியர் மேசை பஸ் காசு தருமா, இல்லை நிருபரையே நிறுத்திவிடுமா? தோல் பகுதி எழுத்தாளர்களும் தொழிற்சங்கக்காரர்களும் பத்திரிகை முதலாளிகளிடம் இப்போதே கேட்க வேண்டியது இதைத்தான்.