பொறியில்லாத் தீ

சிவகாசித் தீக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923 முதல் அத்தொழில் இங்கே வேரூன்றியது. அது உரசலில் பிறக்கும் தீ. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சந்திக்கும்வரை ஒன்றும் நேராது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து இதே கரிசல் மண்ணுக்கு உரசலும் பொறியும் இல்லாத இன்னொரு தீ வந்தது. அதைச் சுமந்து வந்தது டீசல் அம்பாசடர்.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897-இல் ஜெர்மனியில் வெற்றிகரமாக ஓடியது. அதைக் கார் அளவுக்குச் சுருக்கத் தடையாக இருந்தது எண்ணெயைத் தெளிக்கும் கருவிதான். பாஷ் நிறுவனம் 1927-இல் அந்தப் பம்பைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1936-இல் மெர்சிடஸ் 260 டி விற்பனைக்கு வந்தது. நம் நாட்டின் முதல் டீசல் கார் 1980-ஐ ஒட்டி வந்த அம்பாசடர். 1489 சி.சி. கொண்ட அதன் எஞ்சின் இங்கிலாந்தில் பிறந்த பழைய வடிவம். மலிவான டீசலுக்காக டாக்ஸிக்காரர்களும் வியாபாரிகளும் அதை விரும்பினார்கள். விருதுநகரின் வத்தல், எண்ணெய் வணிகர்கள் விடியுமுன் மதுரைக்குக் கிளம்பும்போதுதான் அதன் குணம் தெரிந்தது: செல்ஃப் சுற்றும், வண்டி எழாது.

காரணம் எளியது. பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி தட்டும். டீசல் எஞ்சினிலோ, இருபது மடங்குக்கு மேல் அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறும். அதில் நாசில் தெளிக்கும் எண்ணெய் தானே பற்றும். இந்த எஞ்சினில் எண்ணெய் முதலில் பற்றுவது பக்கத்திலுள்ள ஒரு சிற்றறையில். ஆறிப்போன அதன் சுவர் சூட்டை விழுங்கிவிடும். அதை ஈடுகட்டவே ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பிச் சில நொடிகள் பொறுக்க வேண்டும். பொறுத்தவர் எத்தனை பேர்?

மார்கழியிலும் விருதுநகரில் பெரிய குளிர் கிடையாது. குளிரின்மேல் பழிபோடுவது சரியன்று. பழைய பட்டறைக்காரர்கள் வண்டியின் பின்னால் போய் நின்று, செல்ஃப் சுற்றும்போது புகையைப் பார்ப்பார்கள். வெண்புகை வந்தால், எண்ணெய் உள்ளே போகிறது, சூடு போதவில்லை: ஹீட்டர் பிளக், பாட்டரி, பிறகு ரிங் தேய்ந்து குறைந்த கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேடுவார்கள். புகையே இல்லையென்றால் எண்ணெய் போய்ச் சேரவில்லை. அநேகமாக டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், தளர்ந்த ஹோஸ் வழியாகக் காற்று புகுந்து டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று எண்ணெய் மட்டும் வழியும்வரை ஏர் எடுப்பார்கள். ஒரு பாடலுக்கு உரையாசிரியர் பொருள் கொள்ளும் முறையிலிருந்து இது அதிகம் விலகியதன்று.

பொறுமையற்ற வழியும் ஒன்று இருந்தது. டீசலில் நனைத்த துணியைக் கொளுத்திக் காற்று உறிஞ்சும் வாயருகே காட்டுவது. வேறு ஊரில் அது வெறும் முரட்டுத்தனம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில் அதை என்னவென்று சொல்வது? ஈதர் தெளிப்பதும் இதற்குக் குறைந்ததன்று. சிவந்து நிற்கும் ஹீட்டர் பிளக்கில் அது அகாலத்தில் வெடித்து பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. இன்று எஞ்சினின் நோயைக் கணினி சொல்கிறது, அதில் குறையில்லை. ஆனால் எஞ்சியிருக்கும் பழைய வண்டிகளுக்கு அந்தக் கணினி கிடையாது. புகை பார்க்கத் தெரியாத இடத்தில் முதலில் கழற்றப்படுவது பம்புதான். அதைச் செப்பனிடும் செலவைக் கேட்டதும் உரிமையாளர் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார். தளர்ந்த ஹோஸும் தேய்ந்த செப்பு வாஷரும் அதனுடனேயே எடைக்குப் போகின்றன.