தவறான ஆற்றில் ஒரு படகு

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஊர்த் திருவிழாவில் அப்பா ஒரு தகரப் படகு வாங்கிக்கொடுத்தார். உள்ளங்கை நீளம்தான். சின்னக் கரண்டி மாதிரி ஒரு தட்டில் எண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்தி உள்ளே தள்ளினால், கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு அண்டாத் தண்ணீரில் சுற்றிவரும். "உள்ள மோட்டாரே இல்லையே, எப்படிப்பா ஓடுது?" என்று கேட்டேன். "ஆவிடா" என்றார் அப்பா. நான் அதைப் பேய் என்று புரிந்துகொண்டு இரண்டு நாள் படகைத் தொடவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. திரியின் சூட்டில் தகட்டறைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, குழாய்களில் நிற்கும் நீரைப் பின்னால் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து சுருங்கியதும் நீர் திரும்ப உள்ளே ஏறுகிறது. வெளியே போகும்போது ஒரே திசையில் பீய்ச்சிக்கொண்டு போகும் நீர், உள்ளே வரும்போது நாலாபக்கத்திலிருந்தும் வரும். அந்த வித்தியாசத்தில்தான் படகு முன்னே போகிறது.

ஊரடங்கு நாட்களில் எனக்கு வேறொரு ஆசை வந்தது. இருபுறமும் சக்கரம் வைத்த, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வருகிற மாதிரியான நீராவிப் படகு ஒன்றைச் செய்ய வேண்டும். இணையத்தில் ஒரு சின்னப் பித்தளை எஞ்சின் வாங்கினேன். படகின் உடலை மரத்தில் செதுக்கினேன். துடுப்புச் சக்கரத்துக்குப் பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை வெட்டினேன். பாப்பா குளிக்கிற டப்பில் விட்டால் எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, படகு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. "வாஷிங் மெஷின் நல்லா இருக்கு" என்றாள் மனைவி. சக்கரத்தை அச்சு வரைக்கும் நீரில் முக்கியிருந்தேன் என்பதுதான் பிரச்சினை. அப்படி முக்கினால் ஒவ்வொரு பலகையும் இறங்கும்போது நீரைக் கீழே அழுத்தும், ஏறும்போது மேலே தூக்கும். பின்னால் தள்ளுவது இடையில் கொஞ்ச நேரம்தான். அச்சை உயர்த்தி, பலகையின் நுனி மட்டும் நனையும்படி வைத்த பிறகு படகு நகர்ந்தது.

முதன்முதலில் இதைச் செய்தவர்களும் இந்த இடத்தில் மாட்டியிருப்பார்களே என்று தேடிப் போனபோதுதான் ஜான் ஃபிட்ச் கிடைத்தார். பொது அறிவுப் புத்தகங்களில் நீராவிப் படகு என்றால் ராபர்ட் ஃபுல்டன், 1807. அதற்கு 17 ஆண்டுகள் முன்பே டெலாவேர் ஆற்றில் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிப்போன படகு ஃபிட்சுடையது.

1743இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். கடிகாரத் தொழில் பழகப் போன இடத்தில் முதலாளிகள் வேலை வாங்கினார்களே தவிர தொழிலைச் சரியாகக் கற்றுத்தரவில்லை. 1769இல் மனைவியையும் குழந்தையையும் விட்டு வீட்டைவிட்டுப் போனார், திரும்பவே இல்லை. (இந்த ஆளை எனக்கு முழுதாகப் பிடிக்காமல் போவது இங்கேதான்.) டிரெண்டனில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். 1776இல் பிரிட்டிஷ் படை வந்து அதை நாசமாக்கியது. பிறகு கென்டக்கியில் நில அளவை வேலை. 1782இல் ஓஹையோ ஆற்றில் போகும்போது பூர்வகுடிகளிடம் பிடிபட்டு, அவர்கள் கையிலிருந்து பிரிட்டிஷாரிடம் போய், கைதியாக இருந்து, ஒருவழியாகத் திரும்பினார்.

அந்த ஓஹையோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே அப்போது சொல்லிக்கொள்ளும்படி சாலை கிடையாது. ஆறுதான் சாலை. கீழே போவது சுலபம், நீரோட்டமே கொண்டுபோய்விடும். மேலே வருவதென்றால் ஆட்கள் கழியூன்றித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் மாதக்கணக்கில் படாதபாடு படவேண்டும்.

1785 வசந்தத்தில் பென்சில்வேனியாவில், தேவாலயத்திலிருந்து மூட்டுவலியோடு நடந்து வந்துகொண்டிருந்த ஃபிட்சை ஒரு குதிரைவண்டி கடந்துபோனது. குதிரை இல்லாமல் ஆவியால் வண்டி ஓடினால் என்ன என்று தோன்றியது. அன்றைய சாலைகளின் லட்சணத்தை யோசித்ததும் ஒரே வாரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் படகுக்கு மாறினார். உலகத்தில் நீராவி எஞ்சின் என்று ஒன்று ஏற்கெனவே இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்த போதகர் ஒருவர் புத்தகத்தைத் திறந்து எஞ்சின் படத்தைக் காட்டியபோது மனுஷன் நொந்துபோய்விட்டார். ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதிய நிரலை ஒருவர் ஏழு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

காங்கிரஸிடம் உதவி கேட்டார், கிடைக்கவில்லை. தான் அளந்து திரிந்த வடமேற்குப் பகுதியின் வரைபடத்தைத் தானே செப்புத்தகட்டில் செதுக்கி, ஆப்பிள் சாறு பிழியும் அழுத்துபொறியில் அச்சடித்து விற்றுக் காசு சேர்த்தார். மாநிலம் மாநிலமாக அலைந்து 14 ஆண்டு தனியுரிமைகள் வாங்கினார். வெர்ஜீனியாவின் தனியுரிமைதான் அதில் முக்கியமானது. கென்டக்கி அப்போது வெர்ஜீனியாவுக்குள் இருந்ததால், மேற்கத்திய ஆறுகள் அதில் அடங்கின.

ஹென்றி வாய்ட் என்ற கடிகாரக்காரர் கூட்டாளியானார். வாட்டின் எஞ்சினை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வழியில்லை. சிலிண்டரிலிருந்து கொதிகலன் வரை எல்லாவற்றையும் பிலடெல்பியா கொல்லர்களை வைத்தே செய்ய வேண்டியிருந்தது. நீரைத் தள்ளுவது எப்படி என்பதில் 1786 முழுக்கக் குழப்பம். ஒரு சின்ன ஓடத்தில் திருகு வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தார்கள், முடிவில்லாச் சங்கிலியில் பலகைகளைக் கட்டிப் பார்த்தார்கள், பக்கச் சக்கரமும் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் சரிவரவில்லை. அந்தச் சக்கரம் எவ்வளவு ஆழம் முங்கியிருந்தது என்று கேட்க ஆசையாக இருக்கிறது. கடைசியில் ஜெயித்தது துடுப்பு. 1787 ஆகஸ்ட் 22 அன்று, அரசியலமைப்பு எழுதக் கூடியிருந்த பிரதிநிதிகள் பலர் கரையில் நின்று பார்க்க, பக்கத்துக்கு ஆறு துடுப்புகளோடு 45 அடிப் படகு டெலாவேரில் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வலிப்பதுபோல இருந்திருக்கும். அப்பா சொன்ன ஆவி!

போட்டியும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜேம்ஸ் ரம்சி பொட்டோமாக் ஆற்றில் தன் படகை ஓட்டினார். அதில் சக்கரமும் இல்லை, துடுப்பும் இல்லை. நீராவிப் பம்பு நீரை உள்ளே இழுத்துப் பின்பக்கமாகப் பீய்ச்சும். திருவிழாக் கடைத் தகரப் படகுக்கு ஒருவகையில் பெரியப்பா. பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் இந்தப் பீய்ச்சும் முறையில்தான் நம்பிக்கை. ஃபிட்சுக்கு அவரிடமிருந்து ஆதரவு கிடைக்கவில்லை.

ஃபிட்ச் விடவில்லை. 1788 ஜூலையில் 60 அடிப் படகு ஒன்று, துடுப்புகள் இப்போது பின்பக்கம், 20 மைல் தள்ளியிருக்கும் பர்லிங்டனை நெருங்கும்போது கொதிகலன் ஒழுகி, நீரோட்டத்தோடு திரும்பி வந்தது. அக்டோபரில் அதே தூரத்தை 30 பயணிகளோடு 3 மணி 10 நிமிடத்தில் ஏறியது. 1790 கோடையில் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, பிலடெல்பியாவுக்கும் டிரெண்டனுக்கும் இடையே, ஆம், பட்டறை நாசமான அதே டிரெண்டன்தான், வாரம் தவறாமல் ஓடினார்கள். சோதனையில் மணிக்கு 8 மைல் வேகம். அந்தப் பருவத்தில் மொத்தம் 2000 மைலுக்குமேல் ஓடியிருக்கும் என்பது கணக்கு. பழுதுகள் வந்தன, சரிசெய்தார்கள், மறுபடி ஓடியது. ப்ரொடக்‌ஷனில் ஒரு பருவம் முழுக்கத் தாங்கிய அமைப்பு அது. அதை யாரும் வெறும் டெமோ என்று சொல்ல முடியாது.

ஆனால் ஆள் ஏறவில்லை. நான் வாசித்தவரை பலரும் காரணமாகச் சொல்வது ஃபிட்சின் முன்கோபம், குடி, அழுக்குச் சட்டை. எனக்கு அது ஒப்பவில்லை. பிலடெல்பியாவிலிருந்து டிரெண்டனுக்கு ஆற்றையொட்டியே நல்ல சமதளச் சாலை இருந்தது. குதிரைவண்டிகள் வேகமாக, நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்திலேயே பஸ் இருக்கும்போது, எப்போது ஒழுகும் என்று தெரியாத கொதிகலன்மேல் யார் உட்காருவார்கள்? 1807இல் ஃபுல்டன் எடுத்துக்கொண்டது ஹட்சன் ஆறு. நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 150 மைல், கரையில் குன்றுகள், பாய்மரப் படகுக்குக் காற்று சரியில்லையென்றால் நாலு நாள். ஃபுல்டன் 32 மணிநேரத்தில் போனார், அதுவும் பர்மிங்ஹாமில் செய்து வந்த போல்டன் அண்ட் வாட் எஞ்சினோடு, சக்கரத்தோடு.

ஃபிட்சுக்கு இது தெரியாமல் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தன் படகு எந்த ஆறுகளுக்கானது என்று ஆரம்பம் முதல் அவருக்குத் தெரியும், அவற்றின் வரைபடத்தை விற்றுத்தானே ஆரம்பித்தார்! ஆனால் பணம் போட்டவர்கள் பிலடெல்பியாவில் இருந்தார்கள், அவர்கள் கண்ணெதிரே ஓட்டிக்காட்ட வேண்டியிருந்தது. வெர்ஜீனியா தனியுரிமைக்கு 1790 நவம்பருக்குள் இரண்டு படகு ஓட வேண்டும் என்று நிபந்தனை. இரண்டாவது படகு கிட்டத்தட்டத் தயாரான நேரத்தில் புயல் அதைப் பெட்டி தீவின் கரையில் தூக்கிப் போட்டது. கெடு தாண்டியது. மேற்கு கைவிட்டுப் போனது. 1791 ஆகஸ்ட் 26 அன்று காப்புரிமை கிடைத்தது, ஆனால் அதே நாளில் ரம்சிக்கும் கிடைத்தது. யார் முதல் என்று அரசு சொல்லவில்லை. முதலீட்டாளர்கள் கழன்றுகொண்டார்கள்.

பிரான்சுக்குப் போனார். அங்கே புரட்சி நடந்துகொண்டிருந்தது. கடைசியில் பழைய நிலத்தைத் தேடி கென்டக்கியின் பார்ட்ஸ்டவுனுக்கு வந்தால், அதில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஒரு விடுதிக்காரரிடம் பேரம் பேசினார்: 150 ஏக்கர் தருகிறேன், சாகும்வரை சாப்பாடு, படுக்கை, தினமும் ஒரு பைன்ட் விஸ்கி. போதவில்லை என்று இன்னொரு 150 ஏக்கர் சேர்த்து இரண்டு பைன்ட் ஆக்கிக்கொண்டார்.

1798 மார்ச்சில் நியூயார்க் சட்டமன்றம் ஃபிட்சின் தனியுரிமையைப் பறித்து ராபர்ட் லிவிங்ஸ்டனுக்குக் கொடுத்தது. பின்னாளில் ஃபுல்டனுக்குப் பணம் போட்டவர் இவர்தான். ஃபிட்ச் இறந்துவிட்டார், அல்லது மாநிலத்தைவிட்டுப் போய்விட்டார் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். அந்தக் கோடையில், தூக்கத்துக்கு மருத்துவர் கொடுத்த அபின் மாத்திரைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக விழுங்கினார்.

1811 அக்டோபரில் ஃபுல்டன், லிவிங்ஸ்டன் கூட்டின் 'நியூ ஆர்லியன்ஸ்' படகு பிட்ஸ்பர்க்கில் கிளம்பி ஓஹையோவில் இறங்கியது. அருவிப் பகுதியைக் கடக்க நீர்மட்டம் போதாததால் லூயிவில்லில் ஒரு மாதத்துக்குமேல் நிற்க வேண்டிவந்தது. நீரோட்டத்தை எதிர்த்து அதனால் ஏற முடியாது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்ல, அவர்களையே ஏற்றிக்கொண்டு ஆற்றில் மேல்நோக்கிப் போய்க்காட்டினார்கள். லூயிவில்லிலிருந்து பார்ட்ஸ்டவுன் ஏறக்குறைய 40 மைல்.