கிப்பிங்குக்குப் பிடிக்காத பிசின்

பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் கோவையிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பேசுவதற்கு முன்பே ஒரு மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

"சார், இதுல இன்சுலேஷன் கிளாஸ் எச்னு போட்டிருக்கு. நான் வழக்கமா ஊத்துற வார்னிஷையே ஊத்தலாமா? கஸ்டமர் அவசரப்படுத்துறாரு."

"ஊத்தாதே" என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் என்பது தனிமம். மணலில் ஆக்சிஜனோடு சேர்ந்து கிடப்பது. 1824-இல் ஸ்வீடனின் பெர்சீலியஸ் அதைத் தனியாகப் பிரித்தார். சிலிக்கோன் மனிதன் செய்தது. சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கைகோத்து நிற்க, சிலிக்கானின் மீதிக் கைகளில் கரிமத் தொகுதிகள் தொங்கும். பாதி மணல், பாதி பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயரைக் கொடுத்தவர் ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங். 1863-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். நான் பி.எஸ்சி. படித்த காலத்தில் பெர்க்கின், கிப்பிங் இருவரும் எழுதிய கரிம வேதியியல் புத்தகம் எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடக்கும். அதே கிப்பிங்தான். பெர்க்கினும் இவரும் சகலைகள், அக்கா தங்கையை மணந்தவர்கள்.

1897-இல் நாட்டிங்ஹாமில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கேதான் சிலிக்கானைப் பிடித்துக்கொண்டார். கரிமத்துக்கு நான்கு கை, சிலிக்கானுக்கும் நான்கு கை. கரிமத்தில் கீட்டோன் இருக்கிறதே, சிலிக்கானிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று தேடினார். 'சிலிக்கோன்' என்ற பெயரே கீட்டோனை நினைத்து வைத்ததுதான்.

ஆனால் சிலிக்கான் அந்த வழிக்கு வரவில்லை. கீட்டோனில் ஒரு கரிமம் ஒரு ஆக்சிஜனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும். சிலிக்கானோ ஒரு கையை ஒரு ஆக்சிஜனுக்கும் மறு கையை இன்னொரு ஆக்சிஜனுக்கும் கொடுத்து, சங்கிலியாக நீண்டுகொண்டே போகும். படிகம் கிடைக்கும் என்று காத்திருந்த கிப்பிங்குக்குப் பல நேரங்களில் கிடைத்தது எண்ணெயும் பசையும் பிசினும்தான். அந்தக் காலத்து வேதியியலாளருக்குப் படிகமாகாத பொருள் என்றால் தலைவலி. தூய்மைப்படுத்த முடியாது, உருகுநிலை பார்க்க முடியாது.

ஆனாலும் விடவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். படிகம் கிடைத்தாலும் எழுதினார், பசை கிடைத்தாலும் அது எப்படி வந்தது என்று எழுதி வைத்தார். 1936-இல் ராயல் சொசைட்டியில் பேசியபோது, இந்தத் துறையில் உடனடியாகப் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை இல்லை என்ற பொருள்படச் சொன்னார். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு உழைத்த மனிதரின் பேச்சு இது.

அவர் அப்படிச் சொன்ன அதே காலத்தில், அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியில் ஃபிராங்க்ளின் ஹைடு என்ற இளம் வேதியியலாளருக்கு ஒரு சிக்கல். கண்ணாடியை நூலாக இழுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த நூலில் நெய்த நாடாவை மோட்டார் கம்பிக்குச் சுற்றினால் எந்தச் சூட்டையும் தாங்கும். ஆனால் நாடாவின் மேல் பூசும் வார்னிஷ் கருகிவிடும். நாடா தாங்குகிறது, பூச்சு தாங்கவில்லை. கண்ணாடியின் குணமும் வார்னிஷின் குணமும் சேர்ந்த ஒரு பொருள் வேண்டும்.

ஹைடு தேடிப் போய் நின்ற இடம் கிப்பிங்கின் கட்டுரைகள். கிப்பிங் வேண்டா வெறுப்பாகக் குறித்து வைத்த அந்தப் பிசின்தான் ஹைடுக்கு வேண்டியது! 1938-க்குள் சூடு தாங்கும் சிலிக்கோன் பிசினைக் கண்ணாடி நாடாவில் பூசிக் காட்டினார்.

அதைப் பார்த்தவர்களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்களும் உண்டு. அங்கே இருந்த யூஜீன் ராச்சோ அடுத்த படியை எடுத்து வைத்தார். அதுவரை மக்னீசியமும் ஈதரும் வைத்துக் கிரிக்னார்டு முறையில்தான் செய்தார்கள். செலவு அதிகம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. 1940 மே மாதம், தாமிரம் கலந்த சிலிக்கான் தூளைச் சுமார் 300 டிகிரியில் வைத்து அதன் மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தினார் ராச்சோ. தேவையான மூலப்பொருள் நேரடியாகவே கிடைத்தது. ஜெர்மனியில் ரிச்சர்டு முல்லர் இதையே தனியாகக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்க அந்த முறைதான்.

1943-இல், போர் நடக்கும்போது, கார்னிங்கும் டவ் கெமிக்கலும் சேர்ந்து டவ் கார்னிங் கம்பெனியைத் தொடங்கின. முதலில் விற்றது பிசின் அல்ல. உயரத்தில் பறக்கும் போர் விமானங்களின் தீப்பொறி அமைப்பில் மின்சாரம் கசியாமல் அடைக்கும் ஒரு பசை. அதன் பின்னாலேயே மோட்டார் வார்னிஷும் வந்தது.

இப்போது வகைகளைப் பார்ப்போம். பதினோராம் வகுப்பில் நான் கைகோத்து நிற்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சிலிக்கானின் இரண்டு கை மட்டும் ஆக்சிஜனைப் பிடித்தால் நீளச் சங்கிலி. அது எண்ணெய், அல்லது ரப்பர். மூன்று கை பிடித்தால் வலைப்பின்னல். அதுதான் பிசின். இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதைப் பொறுத்துப் பிசின் கடினமாகவோ வளைந்து கொடுப்பதாகவோ அமையும்.

மெத்தில் தொகுதி மட்டும் தொங்கினால் கடினமான, தண்ணீர் ஒட்டாத பிசின். கட்டடச் சுவர்ப் பூச்சில் சேர்ப்பார்கள். மழைநீரை உள்ளே விடாது, சுவருக்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக வெளியே விடும். இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர் போன்றவற்றின் சூடேற்றும் கம்பியைத் தாங்கும் மைக்காத் தகடுகளைச் சேர்த்து ஒட்டவும் சிலிக்கோன் பிசின் பயன்படுகிறது.

மெத்திலோடு ஃபீனைலும் சேர்ந்தால் வளையும் தன்மை கூடும், சூடு தாங்குவதும் கூடும். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் இந்த வகை. புகைபோக்கிகளுக்கு அடிக்கும் வெள்ளி நிற பெயிண்டும் இதுதான். அலுமினியத் தூள் கலந்தால் 500, 600 டிகிரி வரை நிற்கும். கரிமப் பகுதி எரிந்து போனாலும் சிலிக்காவும் அலுமினியமும் இறுகிக்கொள்ளும். எல்.இ.டி. விளக்கின் சில்லை மூடியிருக்கும் தெளிவான பூச்சிலும் ஃபீனைல் சிலிக்கோன் உண்டு.

மூன்றாவது, அல்கைடு, பாலியெஸ்டர், எப்பாக்ஸி போன்ற சாதாரணப் பிசின்களோடு கலந்து செய்வது. விலை குறையும், வெயிலில் நிறம் மங்காது. நான்காவது வகை, ஒட்டும் டேப்புகளுக்கானது. மின்னணுப் பலகைகளில் சூடு தாங்கும் மஞ்சள் டேப் பார்த்திருப்பீர்கள், அதன் பசையில் சிலிக்கோன் பிசின் இருக்கிறது. ரொட்டி சுடும் தட்டுகளில் ரொட்டி ஒட்டாமலிருக்கப் பூசுவதும் ஒரு சிலிக்கோன் பிசின்தான். ஒட்ட வைக்கவும் அதுவே, ஒட்டாமல் வைக்கவும் அதுவே!

சரி, கோவைக்காரனுக்கு வருவோம். இன்சுலேஷன் வகுப்பு என்பது எவ்வளவு சூடு வரை தாங்கும் என்ற கணக்கு. பி என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155, எச் என்றால் 180. எச் வகுப்பு உருவானதே சிலிக்கோன் வந்ததால்தான். இன்று அந்த வகுப்புக்கு வேறு பிசின்களும் உண்டு. 180 டிகிரியை நம்பி வடிவமைத்த மோட்டாரில் 130 டிகிரி வார்னிஷை ஊற்றினால் அன்றைக்கு ஓடும், சோதனையிலும் தேறும். ஆனால் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. மில்லில் இரவு ஷிஃப்டில் எரிந்து போனால் யார் பொறுப்பு? கஸ்டமரிடம் சொல்லி இரண்டு நாள் அவகாசம் வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டான்.

இப்போது என் கணக்கு. இவன் பிளஸ் டூ படிக்கும்போது ஆய்வகத்தில் ஆல்டிஹைடு ஒன்றைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்து அளவுக்கு மீறிச் சூடாக்கிவிட்டான். சோதனைக்குழாயில் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டது. நோட்டில் "பிசின் மாதிரி வந்தது, கழுவினாலும் போகவில்லை, இது என்ன சார்?" என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, "திரும்பச் செய்" என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி வந்தான். சரியான விடை எழுதியதற்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

போனில் இதைச் சொன்னேன். அவனுக்கு நினைவே இல்லை. "விடுங்க சார்" என்று சிரித்தான்.

எனக்கு விட மனமில்லை. கிப்பிங் அந்தப் பிசினின் அருமையை உணரவில்லை என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் தனக்குப் பிடிக்காததையும் அவர் எழுதி வைத்தார். எழுதி வைத்ததால்தான் ஹைடு எடுத்துப் படிக்க முடிந்தது. நானோ ஒரு பையன் எழுதி வைத்ததைக் கிழிக்க வைத்தேன்.

கிப்பிங் 1949-இல் காலமானார். அதற்குள் அமெரிக்காவில் சிலிக்கோன் தொழிற்சாலைகள் ஓடத் தொடங்கிவிட்டன.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எதிர்பாராதது வந்தது என்று ஒரு பிள்ளை எழுதினால் கோடு போடாதீர்கள். பக்கத்தில் தேதி போடச் சொல்லுங்கள். விடை பிறகு வரட்டும்.

படித்தவர்கள் கருத்து எழுதுங்கள். தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள், இப்போது என்னிடம் சிவப்பு மைப் பேனா இல்லை.