வசந்தாவின் துணைக்கால்: முனையத் திரையிலிருந்து தமிழ்ப் பெயரை வாசித்தல்

யாழ் குடாநாட்டில் நான் எழுதும் செய்திகளில் பல ஒரு பெயர்ப்பட்டியலில்தான் தொடங்குகின்றன. காணாமல் ஆக்கப்பட்டோர், மீள்குடியேறியோர், காணி கேட்டு விண்ணப்பித்தோர் என்று பட்டியல்கள் நீளுகின்றன. அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் பெயர் இருந்தால் ஒரு குடும்பம் எத்தனை தடவை அலைய வேண்டும் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு சிறிய கணினி விடயத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

பழைய கணினிகளில்கூட ஓடக்கூடிய பதிவு நிரல்கள் பல, எழுத்து மட்டும் தோன்றும் முனையச் சாளரத்தில் இயங்குகின்றன. சி மொழியில் இவற்றை எழுத என்கர்சஸ் என்ற கட்டற்ற நூலகம் உதவுகிறது. அதன் மூதாதையான கர்சஸ், 1980 அளவில் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கென் ஆர்னோல்ட் எழுதியது. சாளரத்தில் இருக்கும் எழுத்தைத் திரும்ப எடுக்க, இந்த நூலகத்தில் இன்-டபிள்யூ-ஸ்டர், இன்-என்-டபிள்யூ-ஸ்டர் என இரண்டு செயற்கூறுகள் உண்டு. முதலாவது வரியின் வலது ஓரம் வரை எடுக்கும். இரண்டாவது நாம் சொல்லும் எண்ணிக்கையுடன் நிறுத்தும்.

சிக்கல் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ‘வசந்தா’ என்ற பெயரைப் பாருங்கள். நமக்கு அது 4 எழுத்து. யுனிகோட்டில் வ, ச, ந, புள்ளி, த, துணைக்கால் என 6 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட். குனு சி நூலகத்தின் கணக்கில் புள்ளிக்குத் தனி இடம் இல்லை, துணைக்காலுக்கு உண்டு. ஆகவே திரையில் பிடிப்பது 5 கட்டம்.

திரையில் 5 கட்டத்தைப் பார்த்து “5 எடு” என்று நிரலர் எழுதினால் கிடைப்பது ‘வசந்த’. ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் சிங்கள ஆணின் பெயராகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

புள்ளிக்கு இந்த ஆபத்து இல்லை. “3 எடு” என்றால் ‘வச’ என்றுதான் வரும், ‘வசந’ என்று வராது. ஒரே கட்டத்தில் இருக்கும் மெய்யையும் புள்ளியையும் என்கர்சஸ் பிரிப்பதில்லை. தனிக் கட்டம் பிடிக்கும் துணைக்காலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொரு பொறி ‘கொடிகாமம்’ போன்ற ஊர்ப் பெயர்களில் உண்டு. அதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. தேடும்போது ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடும்.

பதிவு நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை:

• நிரலை என்கர்சஸ்-டபிள்யூ என்ற அகல எழுத்து வடிவத்துடன் இணைக்க வேண்டும். திரையைத் தொடக்கும் முன் செட்லொக்கேல் கட்டளையை அழைக்க வேண்டும்.

• எல்லையில்லாத முதலாவது செயற்கூற்றைத் தவிர்த்து இரண்டாவதைப் பயன்படுத்துவது நல்லது. ஒரு கட்டத்தில் 5 குறிகள் வரை இருக்கலாம். எனவே 80 கட்ட வரிக்கு 400 என்று கேளுங்கள், முடிவுக் குறிக்கும் சேர்த்து 401 இடம் ஒதுக்குங்கள்.

• பெயருக்குப் பின்னால் வரும் வெற்றிடங்களை நீக்க வேண்டும்.

• ஒப்பிடும் முன் எல்லாப் பெயர்களையும் யுனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

முனையத்தில் தமிழ் சிதைந்து தெரிந்தால் தரவும் சிதைந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். இந்தச் செயற்கூறுகள் வாசிப்பது நூலகம் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியைத்தான். எழுத்துரு கோளாறாக இருந்தாலும் பெயர் முழுதாக இருக்கலாம். திரையில் அழகாகத் தெரிந்தும் கோப்பில் கால் போயிருக்கலாம். ஆகவே கோப்பைத் திறந்து பாருங்கள். ‘வசந்தா’வையும் ‘கொடிகாம’த்தையும் பதிந்து, திரும்ப வாசித்து, ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்த நிரலில் மக்களின் பெயர்களை ஏற்றுங்கள்.