கரட்டுப் பாதை முகாம் டிரெய்லர்

கரட்டுப் பாதை முகாம் டிரெய்லர் என்பது ஜீப் போன்ற நான்கு சக்கர இயக்க ஊர்தியின் பின்னால் இணைத்து, தார்ச் சாலை இல்லாத இடங்களுக்கு இழுத்துச் செல்லப்படும் தங்கும் வண்டி. படுக்கை, சமையலடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூடாரம் ஆகியவை இதில் அடங்கியிருக்கும். இதன் முன்னோடி இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஜீப்புக்காகச் செய்வித்த கால் டன் டிரெய்லர். அது ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பாதைகளில் பல மாற்றங்களைப் பெற்று இன்றைய வடிவத்தை அடைந்தது. இந்த வண்டி சுமக்கும் வசதிக்கும் அதன் எடைக்கும் இடையிலான இழுபறியே இதன் வரலாறு. இன்று ஒருவர் எந்த டிரெய்லரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கான விடையும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

பின்னணி: பாண்டம் நிறுவனம்

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இயங்கும் சிற்றூர்தி ஒன்றுக்கான விவரக்குறிப்பை வெளியிட்டு 135 நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கேட்டது. மாதிரி வண்டியை 49 நாட்களில் அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இயங்கிய அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய கார் நிறுவனம் மட்டுமே அந்தக் கெடுவை ஏற்றது. பொறியாளர் கார்ல் ப்ராப்ஸ்ட் சில நாட்களிலேயே வரைபடங்களை முடித்தார். செப்டம்பர் 23 அன்று, கெடு முடிவதற்குச் சிறிது நேரம் முன்னதாக, மாதிரி வண்டி மேரிலாந்தில் இருந்த ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் பாண்டம் சிறிய நிறுவனம். போருக்குத் தேவையான எண்ணிக்கையில் அதனால் வண்டிகளைத் தர முடியாது என்று ராணுவம் கருதியது. அதன் வடிவமைப்பு வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்குக் காட்டப்பட்டது. 1941-ல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸ் நிறுவனத்துக்குச் சென்றது. பின்னர் ஃபோர்டும் சேர்ந்துகொண்டது. ஜீப்பை முதலில் உருவாக்கிய பாண்டம் மொத்தம் சுமார் 2,600 ஜீப்புகளை மட்டுமே செய்தது. அதற்கு ஈடாக அந்நிறுவனத்துக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று, ஜீப்பின் பின்னால் இழுக்கும் டிரெய்லரைச் செய்வது.

டி-3 டிரெய்லர்

பாண்டம் டி-3 என்று அழைக்கப்பட்ட அந்த டிரெய்லர் இரண்டு சக்கரங்கள் கொண்ட ஓர் இரும்புத் தொட்டி. வெற்று எடை சுமார் 250 கிலோ. கரட்டுப் பாதையில் அதே அளவு எடையை, அதாவது கால் டன்னை அது சுமக்கும். பார்வைக்கு எளியதாக இருந்தாலும் அதன் அமைப்பில் நான்கு முக்கியமான கூறுகள் இருந்தன.

முதலாவது, தட அகலம். டிரெய்லரின் இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் ஜீப்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றே. மணலிலும் சேற்றிலும் ஜீப்பின் சக்கரம் அழுத்திச் சென்ற தடத்திலேயே டிரெய்லரின் சக்கரமும் உருளும். தடம் மாறினால் டிரெய்லர் புதிய மணலைத் தானே கிழித்துச் செல்ல வேண்டியிருக்கும். இழுக்கும் வண்டியின் சுமை கூடும்.

இரண்டாவது, டயர். ஜீப்பும் டிரெய்லரும் ஒரே அளவு டயரைப் பயன்படுத்தியதால் ஒரே உபரி டயர் இரண்டுக்கும் போதும். மூன்றாவது, இணைப்பு. ஜீப்பின் பின்புறம் இருந்த திறந்து மூடும் கொக்கியில் டிரெய்லரின் இரும்பு வளையம் மாட்டப்பட்டது. மேடுபள்ளத்தில் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்தாலும் வளையம் கொக்கிக்குள் திரும்பிக் கொடுத்தது. நான்காவது, தொட்டி நீர் புகாதபடி செய்யப்பட்டதால் ஆற்றைக் கடக்கும்போது டிரெய்லர் மிதந்தது. உள்ளே சேர்ந்த நீரை வெளியேற்ற அடியில் அடைப்பான்கள் இருந்தன.

இழுக்கும் வண்டி எங்கே போகுமோ அங்கே டிரெய்லரும் போக வேண்டும் என்பதே இந்த நான்கு கூறுகளுக்கும் பொதுவான நோக்கம். பின்னாளில் வந்த முகாம் டிரெய்லர்கள் எல்லாம் இந்த அளவுகோலை ஒட்டியும் விலகியும் உருவானவை.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் எஞ்சிய ஜீப்புகளும் டிரெய்லர்களும் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. விவசாயிகள், வேட்டைக்காரர்கள், நில ஆய்வாளர்கள் அவற்றை வாங்கினர். பாண்டம் நிறுவனம் மீண்டும் கார் தயாரிப்புக்குத் திரும்பவில்லை. டி-3 வடிவத்தைச் சற்று மாற்றிப் பொதுமக்களுக்கான டிரெய்லராகத் தொடர்ந்து விற்றது.

1948-ல் பிரிட்டனில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. ஜப்பானில் டொயோட்டா, நிஸான் நிறுவனங்களும் 1950-களில் இத்தகைய ஊர்திகளைச் செய்தன. ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் ஒப்பந்ததாரராக இருந்த லெஸ்லி தீஸ் 1950-களின் இறுதியில் டொயோட்டா லேண்ட் க்ரூஸர்களை அங்கே இறக்குமதி செய்தார். அந்த நாட்டில் நான்கு சக்கர இயக்க ஊர்தி பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வழிகள்

முகாம் டிரெய்லர் தனி வகையாக வளர்வதற்கு ஆஸ்திரேலியாவின் நிலமே காரணமாக அமைந்தது. அங்கே அடுத்த பெட்ரோல் நிலையம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். தண்ணீர், எரிபொருள், உணவு மூன்றையும் பயணி சுமந்தாக வேண்டும். ஊர்தியின் உள்ளே குடும்பம் உட்கார்ந்தால் இவற்றுக்கு இடமில்லை.

அதற்கு முன் வழிகள் உருவாக வேண்டியிருந்தது. வூமெரா ஏவுகணைத் தளத்துக்காக நில அளவையாளர் லென் பீடல் தலைமையில் ஒரு சிறிய குழு 1955 முதல் 1958 வரை கன்பேரல் நெடுஞ்சாலையை அமைத்தது. பெயரில்தான் நெடுஞ்சாலை, உண்மையில் அது புதர்களை அகற்றிச் சமன்செய்த மண்வழி. பீடலின் குழு மொத்தம் 6,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வழிகளை அமைத்தது. அவற்றுள் பல பழங்குடி மக்களின் நிலங்களின் ஊடாகச் செல்பவை. இன்றும் சில பகுதிகளுக்கு முன்அனுமதி பெற்ற பிறகே செல்ல முடியும்.

1962-ல் நிலவியலாளர் ரெக் ஸ்ப்ரிக் தன் குடும்பத்துடன் நிஸான் ஊர்தியில் சிம்ப்ஸன் பாலைவனத்தைக் கடந்தார். மோட்டார் வண்டியில் அதைக் கடந்த முதல் பயணம் அது. 1968-ல் நில அளவைக் குழு ஒன்று 1,850 கிலோமீட்டர் நீளமுள்ள கேனிங் கால்நடைப் பாதையை முழுவதுமாக லேண்ட் ரோவர்களில் கடந்தது. ஆய்வுக்காரர்கள் சென்ற இந்த வழிகளில் பின்னர் விடுமுறைக் குடும்பங்களும் செல்லத் தொடங்கின. அவற்றின் பின்னால் டிரெய்லர்களும் சென்றன.

தகரக் கூரைச் சாலை

தொடக்கத்தில் பலர் சாதாரணப் பெட்டி டிரெய்லரின் மேல் கித்தான் கூடாரத்தைப் பொருத்திக்கொண்டனர். தார்ச் சாலையில் நன்றாக ஓடிய அவை மண்சாலையில் உடைந்தன. காரணம், அச்சாலைகளின் மேற்பரப்பு. தகரக் கூரையைப் போல வரிவரியான மேடுபள்ளம் மண்சாலையில் குறுக்காக எழுந்து கிலோமீட்டர் கணக்கில் நீளும். மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 660 கிலோமீட்டர் நீளமுள்ள கிப் ரிவர் சாலை இதற்குப் பேர்போனது.

இந்த வரிகள் ஏன் தோன்றுகின்றன என்பதை ஆஸ்திரேலிய இயற்பியலாளர் கீத் மாதர் சோதனை மூலம் ஆராய்ந்து 1963-ல் கட்டுரை வெளியிட்டார். வட்டமான மணல் தடத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டபோது, குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சக்கரம் சிறு மேடுகளில் துள்ளி விழுந்து பள்ளம் தோண்டுவதை அவர் கண்டார். எந்தச் சக்கரமும் போதிய வேகத்தில் ஓடினால் இந்த வரிகள் உருவாகும். அதாவது, போக்குவரத்து உள்ள எந்த மண்சாலையும் இவற்றிலிருந்து தப்பாது.

டிரெய்லருக்கு இது இடைவிடாத அடி. பட்டை வில் சூடேறி முறியும். அதிர்வுத் தாங்கியின் எண்ணெய் கொதித்துக் கசியும். பற்றவைத்த இடங்களில் விரிசல் விழும். ஊர்தியின் ஓட்டுநருக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்பதால் சேதம் முற்றிய பிறகே தெரியவரும். இதற்கு விடையாக ஆஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் தொங்கமைப்பையும், சுருள் வில்லையும், பெரிய அதிர்வுத் தாங்கிகளையும் கொண்டுவந்தனர். ‘கிம்பர்லி கேம்பர்’, ‘டிவேன்’ போன்ற டிரெய்லர்கள் இவ்வாறு கரட்டுப் பாதைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. புழுதி உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் விளிம்புகளும் கல்லடியைத் தாங்கும் தடுப்புகளும் இவ்வகை டிரெய்லர்களில் இன்று வழக்கமாகிவிட்டன.

வகைகள்

இன்றைய முகாம் டிரெய்லர்களை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

தரைக்கூடார வகையில் மூடியைத் திறந்து கித்தானை விரித்தால் படுக்கை டிரெய்லரின் மேலும், கூடாரம் தரையின் மேலும் அமையும். விலையும் எடையும் குறைவு. விரிக்கவும் மடிக்கவும் நேரமாகும். மழையில் நனைந்த கித்தானை மடிக்க நேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும்.

மடிப்புத்தள வகையில் டிரெய்லரின் மூடியே முன்பக்கமோ பின்பக்கமோ மடிந்து கெட்டியான தளமாகும். ஈரத் தரையில் கால் வைக்க வேண்டியதில்லை. எடை முதல் வகையைவிடக் கூடுதல்.

கெட்டிச்சுவர் வகையில் படுக்கை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். கூரையை உயர்த்தினால் போதும், சில நிமிடங்களில் தங்கலாம். குளியலறை, குளிர்பதனப் பெட்டி ஆகியவையும் சேர்வதால் இவ்வகையில் பல டிரெய்லர்கள் 2,000 கிலோவைத் தாண்டுகின்றன.

ஒவ்வோர் இரவும் இடம் மாறுபவருக்கு விரைவில் விரியும் வகையும், ஓரிடத்தில் பல நாள் தங்குபவருக்குத் தரைக்கூடார வகையும் பொருந்தும்.

எடைக் கணக்கு

டிரெய்லர் வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது எடைக் கணக்கில்தான். ஊர்தியின் விளம்பரத்தில் இழுதிறன் 3,500 கிலோ என்று இருக்கும். ஆனால் ஊர்தியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்குத் தனி வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, கூட்டு எடை வரம்பு 6,000 கிலோ என்று கொள்வோம். 3,500 கிலோ டிரெய்லரை இழுத்தால் ஊர்திக்கு மிஞ்சுவது 2,500 கிலோ. ஊர்தியின் வெற்று எடையே 2,300 கிலோ என்றால் மீதி 200 கிலோதான். நான்கு பேர் ஏறி உட்கார்ந்ததுமே அது தீர்ந்துவிடும்.

டிரெய்லரின் வெற்று எடையும் ஏமாற்றக்கூடியது. நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ. அதோடு எரிவாயு உருளை, மின்கலம், உணவு, உபரி டயர் ஆகியவை சேரும். ஆகவே பொருட்களை ஏற்றிய பின் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு இணைப்பின் மேல் அழுந்த வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழக்கம். 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 கிலோ. கனமான பொருட்களை அச்சுக்குப் பின்னால் ஏற்றினால் இந்த அழுத்தம் குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் ஊர்தியையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடியது.

பிரேக் விதிகளும் எடையைப் பொறுத்தவை. ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் சக்கரங்கள் மேல் இறங்கும் எடை 750 கிலோ வரை இருந்தால் பிரேக் கட்டாயமில்லை. 2,000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சில் பிரேக் வேண்டும். அதற்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

இணைப்பும் சக்கரமும்

தார்ச் சாலை டிரெய்லர்களில் பயன்படும் 50 மில்லிமீட்டர் குண்டு இணைப்பு ஓரளவுக்கு மேல் திரும்பாது. ஊர்தி ஒரு பக்கமும் டிரெய்லர் மறு பக்கமும் சாயும் ஓடைக்கரையில் அது நெருக்கடியைத் தரும். எனவே கரட்டுப் பாதை டிரெய்லர்களில் எல்லாத் திசைகளிலும் திரும்பும் இணைப்பு பொருத்தப்படுகிறது. டிரெய்லர் கவிழ்ந்தாலும் ஊர்தி கவிழாது. 1941-ன் வளையமும் கொக்கியும் தந்த சுதந்திரமே வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

தட அகலமும் சக்கரமும் அவ்வாறே. இழுக்கும் ஊர்தியின் தட அகலத்துக்கும், சக்கர ஆணிகளின் எண்ணிக்கைக்கும் இடைவெளிக்கும் ஏற்ப டிரெய்லரைச் செய்து தருமாறு அனுபவமுள்ள பயணிகள் கேட்பதுண்டு.

டிரெய்லர் செல்லாத வழிகள்

எல்லா வழிகளும் டிரெய்லருக்கு உரியவை அல்ல. சிம்ப்ஸன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள் வரிசையாக நிற்கின்றன. கேனிங் பாதையிலும் நூற்றுக்கணக்கான மேடுகள் உள்ளன. டிரெய்லருடன் ஏறும் ஊர்தி உச்சியை அடைய அதிக வேகம் எடுக்க வேண்டும். அது சறுக்கிக் குழி பறிக்கும். பின்னால் வருபவருக்கு ஏற்றம் மேலும் கடினமாகும். பாதியில் நின்றுவிட்டால் மணலில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்குவது ஆபத்தானது. இவ்விரு வழிகளிலும் டிரெய்லரைத் தவிர்க்குமாறு பயணிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. உடைந்த டிரெய்லரை வெளியே கொண்டுவர ஆகும் செலவு, சில வேளைகளில் அதன் விலையையே எட்டிவிடும்.

மதிப்பீடு

எண்பது ஆண்டுகளில் முகாம் டிரெய்லர் 250 கிலோ தொட்டியிலிருந்து 2,000 கிலோ வீடாக வளர்ந்திருக்கிறது. தொங்கமைப்பு, பிரேக், புழுதித் தடுப்பு ஆகியவற்றில் அது பெற்ற முன்னேற்றம் பெரியது. ஆனால் மணலும் சேறும் மாறவில்லை. ஒவ்வொரு வசதியும் எடையாகச் சேர்கிறது. ஒவ்வொரு கிலோவும் போகக்கூடிய வழிகளுள் ஒன்றைக் குறைக்கிறது. ஆகவே முதலில் வழியையும், பிறகு ஊர்தியின் எடை வரம்பையும், கடைசியாக டிரெய்லரின் வசதிகளையும் பார்ப்பதே பொருத்தமான வரிசை. விற்பனைக்கூடத்தில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

ஜீப் என்ற பெயரோடு பாண்டம் நிறுவனத்தை இன்று நினைப்பவர் குறைவு. ஆனால் இழுக்கும் வண்டியின் தடத்திலேயே டிரெய்லரும் செல்ல வேண்டும் என்று அது வகுத்த அளவு, கரட்டுப் பாதைக்கென டிரெய்லர் செய்வோரிடம் இன்றும் வழக்கில் உள்ளது.